அபர்டீன் வீட்டில் ஒரு தேநீர்த் தட்டு

தம்பி, பாப்பா, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோசையைத் தொடாமல் கத்தியது உங்கள் இருவருக்கும் நினைவிருக்கும். உங்கள் அக்கா மேல் எனக்கு என்ன கோபம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நானே எழுதி வைக்கிறேன். நாளைக்கு நீங்களும் வெளியூர் போவீர்கள். அப்பா எப்படி யோசிப்பான் என்று தெரிந்திருப்பது நல்லது.

அக்கா இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை குடும்பக் குழுவில் செய்தி போட்டாள். விடுதியில் தன்னோடு தங்கியிருக்கும் தோழிக்கு ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரம் சொந்த ஊராம். சனி, ஞாயிறு அவள் வீட்டில் தங்கப் போகிறாளாம். கேட்கவில்லை, சொன்னாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மலேசியாவுக்குள்ளேயே, ரவாங்கில் இருக்கும் சிநேகிதி வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதற்கே நான் விட்டதில்லை.

“அந்தப் பொண்ண நீ பாத்திருக்கியா?” என்று உங்கள் அம்மாவைக் கேட்டேன்.

“போன்ல பாத்தேன். செம்பட்ட முடி. நல்லா சிரிக்கும்.”

“சிரிக்கிறதுக்கு யாருக்குத்தான் தெரியாது?”

ஞாயிறு காலை எழுந்தபோது ஒரு படம் வந்திருந்தது. அக்கா நீலப் பட்டுச்சேலையில் இருக்கிறாள். கையில் தட்டு, தட்டில் தேநீர்க் கோப்பைகள். தலையைக் குனிந்தபடி நடந்து வருகிறாள். எதிரே சோபாவில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி. அவர்களுக்கு நடுவில் கோட்டுப் போட்ட ஓர் இளைஞன். மேசையில் ஆப்பிளும் ஆரஞ்சும் அடுக்கிய இன்னொரு தட்டு.

உங்களுக்கு இது வெறும் படம். எனக்கு அப்படியில்லை. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்துக்கு நான் பெண் பார்க்கப் போன அன்று, தொழிலாளர் லயத்து வீட்டின் அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா இப்படித்தான் வந்தாள். சேலை, தட்டு, குனிந்த தலை, எல்லாம் இதேதான். கோட்டு மட்டும் என்னிடம் இல்லை.

“இது என்னா, பொண்ணு பாக்கிற மாதிரியில்ல இருக்கு?”

“உங்களுக்குப் பைத்தியம் லா. டீ குடுக்குறா.”

“டீ குடுக்க எதுக்குப் பட்டுச்சேலை? நடுவுல ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவன் யாரு? பழத்தட்டு எதுக்கு?”

அம்மா கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதன் பிறகு அவளும் தோசை ஊற்றவில்லை.

உடனே கூப்பிடலாம் என்றால் அங்கே நடுராத்திரி. காத்திருக்க முடியாமல் புக்கிட் ரோத்தானுக்கு மீன் வாங்கப் போனேன். மீன்காரர் வழக்கம்போல, “பெரிய பொண்ணு எப்படிண்ணே இருக்கு?” என்றார்.

“ஏன், யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

மனிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

பிற்பகலில் வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். நான் நலம்கூட விசாரிக்கவில்லை.

“யாரு அந்தப் பையன்?”

“எந்தப் பையன்? ஓ, அவரா? இவளோட அண்ணன்பா. கல்யாணம் ஆயிடுச்சு. படம் எடுத்ததே அவரு பொண்டாட்டிதான்.”

“அந்தப் பொண்டாட்டியக் கூப்பிடு.”

“அப்பா! அவங்க ராத்திரியே வீட்டுக்குப் போயிட்டாங்க.”

“அதெப்படி சரியா போயிட்டாங்க? சரி, சேலை எதுக்கு?”

“இவங்க அம்மா நேர்ல பாத்ததே இல்லையாம். கட்டிக் காட்டச் சொன்னாங்க. போன வீட்டுல சும்மா உக்காராதன்னு நம்ம அம்மா சொன்னாங்கன்னு தே தாரேக் ஆத்திக் குடுத்தேன். சேலை தடுக்குமேன்னு கீழ பாத்து நடந்தேன். போதுமா?”

“பழம்?”

“பழம் சாப்பிடறதுக்குப்பா!”

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இவ்வளவு பதில் தயாராக இருக்கிறதே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். தங்கிய அறையைக் காட்டச் சொன்னேன். இரண்டு கட்டில்கள். ஒன்றில் செம்பட்டை முடிக்காரப் பெண் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கையாட்டினாள். பிறகு தோழியின் அம்மா வந்து எட்டிப் பார்த்தார். அவர் பேசிய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒரு கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொன்றைக் கீழே பிடித்து, தேநீர் ஆற்றுவதுபோல் நடித்துக் காட்டினார். சிந்தியதைத் தரையில் துடைப்பதுபோலவும் நடித்தார். உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

அந்த அம்மா நகர்ந்ததும் அக்கா குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“நான் சொல்லாம வந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமாப்பா? சொன்னதுக்குத்தானே இவ்வளவு கேள்வி? இனிமே எங்க போனாலும் சொல்லல. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

வைத்துவிட்டாள்.

அந்தப் பையனைப் பற்றிய பயமெல்லாம் அப்போது சின்னதாகப் போய்விட்டது. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிய எனக்கு வேறு வழி ஏது? அவள் சொன்னால்தான் உண்டு. அந்த ஊருக்கு எந்தப் பக்கம் போவது என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் வாயை மூடிக்கொண்டால் அதோடு முடிந்தது. இதை உங்கள் அம்மாவிடம்கூட அன்றைக்கு நான் சொல்லவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில், எஞ்சின் எண்ணெய் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் நிறுத்தியிருந்த என் லோரியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி ஒலித்தது. அக்காதான். ஒரு வார்த்தையும் எழுதாமல் படம் மட்டும் அனுப்பியிருந்தாள். சாம்பல் நிறக் கடல், ஈர மணல். கீழ் ஓரத்தில் அவள் காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்து. பக்கத்தில் இன்னொரு ஜோடி, கறுப்பு. கொஞ்சம் பெரியது.

இரண்டு விரலால் படத்தை விரித்து அந்தக் கறுப்புச் சப்பாத்தையே வெகுநேரம் பார்த்தேன். ஆணுடையதா பெண்ணுடையதா, சொல்ல முடியவில்லை. ‘யாரோட சப்பாத்து?’ என்று தட்டினேன். பிறகு அதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

‘கடல் நல்லா இருக்கும்மா. ரொம்பக் குளிருதா?’ என்று எழுதி அனுப்பினேன்.