நாற்பது நாள் திட்டு

எனக்குக் கோபம் வரும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? காவலூர் ரோட்டோரம் என் வெல்டிங் ஷெட் இருக்கிறது. மலைக்குப் போகிற ஜீப்காரர்களுக்கெல்லாம் என் வாய் தெரியும். ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் வண்டியைக் கொண்டுவந்து அடிப்பக்கம் காட்டு என்று சொல்வேன். வரமாட்டான். இரும்பு தின்று போய், சீட்டுக்குக் கீழே ரோடு தெரிய ஆரம்பித்த பிறகு பல்லை இளித்துக்கொண்டு வந்து நிற்பான். திட்டாமல் வெற்றிலை பாக்கா வைக்க முடியும்?

ஆனால் அந்தச் சிவப்புக் கார் வந்த அன்று எனக்கு ஏறிய கோபம் அதற்கு முன் ஏறியதில்லை.

இரண்டே பேர் உட்காரும் சீமைக் கார். மேலே கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு துணி மட்டும். அதை ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு பெண். வாணியம்பாடித் தோல் வியாபாரி வீட்டுப் பெண், திருப்பத்தூரில் பல் டாக்டர். தனியாகவே மலை ஏறி வந்திருந்தாள்.

"அண்ணா, இந்தப் பக்கத்துக் கதவு சரியா மூட மாட்டேங்குது. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறினா தானா தொறந்துக்குது. கீழ மூணு பேருகிட்ட காட்டிட்டேன். மூணு பேரும் லாக்கை ராவி ராவி வுட்டாங்க. நீங்கதான் ஒழுங்கா பாப்பீங்கன்னு ஜீப்காரங்க சொன்னாங்க."

கதவைப் பார்த்தேன். மேல் விளிம்பில் நகம் நுழைய இடமில்லை. கீழே ஒரு விரலே போயிற்று. லாக்கில் என்ன இருக்கிறது? கார் நடுவில் தொய்ந்துகொண்டிருந்தது. கதவுக்குக் கீழே ஒரு பலகையை வைத்து ஜாக்கியைப் போட்டு மெதுவாக ஏற்றினேன். கார் ஏறவில்லை. பலகைதான் காருக்குள் ஏறியது, அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு.

கூரை உள்ள காரென்றால் மேலே இருக்கும் கூரையும் கொஞ்சம் பாரம் தாங்கும். இந்த மாதிரிக் காருக்கு அது இல்லை. இரண்டு கதவுகளுக்கும் அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் இரும்புத் தகட்டால் செய்த நீளமான பெட்டி ஒன்று ஓடும். பக்கத்துக்கு ஒன்று. அந்த இரண்டும்தான் முதுகெலும்பு. அது போனால் ஒரு நாள் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது கார் நடுவில் மடங்கிவிடும், கதவும் திறக்காது. உள்ளே இருப்பவர் கதி என்ன?

"இதுலயா மலை ஏறி வந்தே?" என்று கத்திவிட்டேன்.

"இதுலதாண்ணா தினமும் திருப்பத்தூர் போய்ட்டு வர்றேன்."

"உங்க வூட்ல பெரியவங்க யாரும் இல்லியா? கண்ணு தெரியற ஆளு ஒருத்தரும் இல்லியா?"

அவள் பயப்படவில்லை. குனிந்து, நொறுங்கிய இடத்தைப் பார்த்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டு ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே பொடித்துப் பார்த்தாள். சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வைதான். "சாவியை நீங்களே வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனை, நல்ல மனிதர்தான். ஆனால் பேச்சைக் கேட்டதும் எனக்கு எரிந்தது.

"இன்னா மேஸ்திரி, லாக்கு பாக்கச் சொன்னா வண்டியவே அறுக்கணும்ன்றீங்களாமே? மேல ஒரு தகடு வெச்சு, பட்டி போட்டு, பெயின்ட் அடிச்சுக் குடுங்க. இதுவரைக்கும் அப்படித்தான பண்ணிக்கினு வந்தோம்."

"அப்படிப் பண்ணிப் பண்ணித்தான் பாய் இப்படி வந்து நிக்குது. கீழ போட்டது மொத்தம் பட்டி. பட்டி மேலதான் உங்க பொண்ணு உக்காந்துனு போவுது."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"மெதுவாப் பேசினா இரும்பு திரும்பி வருமா? மொதல்ல இத்த சொல்லுங்க, இவ்ளோ நாளா இந்த வண்டி எங்க நின்னுச்சு?"

அவர் பெருமையாகச் சொன்னார். "எங்க அத்தா மவுத்தான பிறகு மண்டிலதான் நின்னுச்சு. உப்புத்தோல் அடுக்கற குடோன் இருக்கே, அங்க. பத்து வருஷம். அந்த நாத்தத்துக்குத் திருடன் கிட்ட வருவானா?"

அப்பா இறந்ததும் காரைக் கொண்டுபோய் உப்புக்கு நடுவில் நிறுத்தியிருக்கிறார். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அள்ளி அள்ளி உப்புப் போடுவார்கள். தரையெல்லாம் உப்புத் தண்ணீர், காற்றெல்லாம் உப்பு. பரம்பரையாக உப்போடு வாழ்கிற குடும்பம். அந்த இடத்தில் இரும்பைக் கொண்டுபோய் நிறுத்தலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திருடன் வரமாட்டான் என்பது மட்டும் தோன்றியிருக்கிறது.

"பாய், காரை உப்புக்கண்டம் போட்டு வெச்சிருக்கீங்க. அந்தக் குடோன் ஷட்டர் எத்தினி வாட்டி மாத்தினீங்க?"

அவர் தாடியைத் தடவினார். "மூணு வாட்டி" என்றார், குரல் இறங்கி.

"ஷட்டர மூணு வாட்டி தின்ன உப்பு காரை மட்டும் மாமான்னு கூப்புட்டு வுட்டுடுமா?"

அவர் மகளுக்குப் போன் போட்டார். அவள் போனில் சொன்னது எனக்கே கேட்டது: "அத்தா, அவரு சொல்றபடி அறுக்கட்டும். இல்லாட்டி நான் பஸ்லயே போறேன்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அறுக்கக்கூடாது. அறுத்தால் கார் இரண்டாக உட்கார்ந்துவிடும். அடியில் நான்கு இடத்தில் ஸ்டாண்டு கொடுத்து, கதவுகளைக் கழற்றி, கதவு இருந்த இடத்தில் குறுக்கே இரும்புப் பைப்பை வெல்டு வைத்து, நூல் பிடித்து மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதிக்கொண்டேன். பிறகு இடதுபக்கத்தை அறுத்தேன். காலையில் வெல்டு வைக்க ஆரம்பித்தால் கொல்லைகளில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் கரண்ட் இறங்கிவிடும். மின்சாரத்தையும் திட்டிக்கொண்டேதான் வேலை நடந்தது.

உள்ளேயிருந்து வந்ததைக் கேளுங்கள். முதலில் இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி. அதற்குப் பின்னால் சிமெண்ட். ஆமாம், வீடு கட்டுகிற சிமெண்ட்! அதற்கும் பின்னால் பிஸ்கட் டின்னை வெட்டி வைத்த தகடு, சாக்குத் துணி. எல்லாவற்றுக்கும் அடியில் ஈர மண். பங்குனி வெயிலில், மலையில் ஒரு தூறல் கூட இல்லாத நாளில், அந்தப் பெட்டிக்குள் சொதசொதவென்று உப்பு மண். கையை விட்டால் பிசுபிசுத்தது.

தண்ணீர் எப்படி உள்ளே நிற்கும்? உள்ளே போகிற தண்ணீர் வெளியே வரத்தான் அடியில் வரிசையாக நான்கு ஓட்டை வைத்து அனுப்புகிறான், செய்தவன். கதவு வழியாக எவ்வளவு மழை இறங்கினாலும், எத்தனை வாளி ஊற்றிக் கழுவினாலும் கீழே வடிந்துவிடும். அந்த ஓட்டைகளைத் தேடினேன். எல்லாம் துருவாக உதிர்ந்து கிடந்த அடித்தகட்டில் மிச்சமிருந்த ஓரத்தைப் புரட்டிப் பார்த்தால், ஓட்டை இருந்த இடம் மூடியிருந்தது. தானாக மூடவில்லை. ஒருவன் மெனக்கெட்டு அடைத்திருந்தான்.

சிமெண்ட் வைத்தவனைக்கூட மன்னிக்கலாம், அவன் பிழைப்புக்கு ஏமாற்றினான். ஓட்டையை அடைத்தவன்தான் காரைக் கொன்றவன். உப்பும் தண்ணீரும் உள்ளேயே நிற்கும்படி பூட்டிவிட்டுப் போயிருக்கிறான், பேமானி. அன்றைக்கு ஆரம்பித்தேன். அவன் கையை, அந்தக் கைக்குத் தொழில் பழக்கிக்கொடுத்தவனை, அவனைக் கடையில் சேர்த்துக்கொண்டவனை, ஒருவரையும் விடவில்லை. டீ கொண்டுவந்தால் என் மனைவிக்குச் சொல்வேன். ஜீப் நின்றால் ஜீப்காரனுக்குச் சொல்வேன். "சாக்கடைய மூடி வெச்சிட்டு வூட்ட கழுவுவானா அந்த ஆளு?" என்று கேட்பேன். அவர்கள் தலையாட்டிவிட்டு நழுவுவார்கள்.

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ்ஸில் வருவாள். ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். அவளுக்கு என் வசவு பிடித்துப்போயிற்று.

"இந்த வாரம் அந்த ஆளுக்கு இன்னா திட்டுண்ணா?"

"அவன் கையில சுத்தியல குடுத்தவன் நாசமாப் போவ."

"இது போன வாரம் திட்டினது. புதுசா சொல்லுங்க."

நான் புதிதாகச் சொல்வேன், அவள் சிரிப்பாள். நடுவே ஒருமுறை மட்டும் சிரிப்பில்லாமல் கேட்டாள்: "தெரியாம பண்ணியிருப்பாரோ?" தெரியாதவன் எதற்கு வெல்டிங் கம்பியைத் தொடுகிறான் என்று அவள்மேலும் பாய்ந்தேன்.

இடதுபக்கம் முடிந்தது. புதுத்தகட்டில் பெட்டி அடித்து, ஓட்டைகளை மறக்காமல் போட்டு, இம்மி விலகாமல் உட்காரவைத்தேன். வலதுபக்கத்தின் அடித்தகடு அவ்வளவாக உதிரவில்லை. முழு நீளத்துக்கு ஒரே பட்டையாக வந்தது. தரையில் போட்டு ஒயர் பிரஷ்ஷால் தேய்த்தேன், அடைத்த லட்சணத்தைப் பார்க்கலாம் என்று. துரு போனதும் மஞ்சளாக மின்னியது. பித்தளை. கேஸ் வெல்டிங்கில் பித்தளை உருக்கி, மேடு தெரியாமல் ராவி, கண்ணாடி மாதிரி அடைத்திருந்தான். அழகான வேலை. ஒவ்வொரு அடைப்புக்கும் பக்கத்தில் ஆணிமுனையால் தட்டிய மூன்று புள்ளிகள்.

மூன்று புள்ளி நான் வைப்பது. இருபது வயதில் வாணியம்பாடியில் ஒரு ஷெட்டில் வேலை பார்த்தபோது, மனசுக்குப் பிடித்து முடித்த வேலையில் மட்டும் வைப்பேன். அப்போது அந்தக் கார் வெள்ளை. பம்பர், லைட் எல்லாம் கழற்றிப் பெயின்டுக்கு உயர்த்தி வைத்திருந்ததால் நான் பார்த்தது அடிவயிறு மட்டும். ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கீழ ஓட்டையா கீது, தண்ணி உள்ள போவுது பாரு, அடச்சுடு" என்றார். பக்கத்துக்கு நான்காக எட்டையும் இரண்டு நாள் படுத்துக்கொண்டே அடைத்தேன். அவர் தண்ணீர் ஊற்றிப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கிரைண்டரைத்தான் எடுத்தேன். ஒரு அடைப்பிலிருந்த புள்ளிகளை ராவியும் விட்டேன். இரண்டாவதில் வைக்கும்போது கை நின்றுவிட்டது. என்ன மனுஷன் நான் என்று வந்தது. கிரைண்டரை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா, ஷெட்டு அமைதியா கீது?" என்று மனைவி வந்தாள். சொன்னேன். அவள் அந்தப் பட்டையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு. இல்லனா நான் சொல்லுவேன்" என்றாள்.

வேலை முடிந்து கார் தயாரான அன்று அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். நாற்பதாவது நாள். கதவை மூடிக் காட்டும் முன்பே பட்டையைக் கொண்டுவந்து அவர்கள் காலடியில் போட்டுச் சொல்லிவிட்டேன்.

பாய் கையைத் தட்டிச் சிரித்தார். "அட, நீங்கதானா அது! எங்க அத்தா கடைசி வரைக்கும் சொல்லினே இருந்தாரு மேஸ்திரி. அந்த ஆளு அடச்ச மாதிரி எவனும் அடைக்க மாட்டான், ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாதுன்னு."

"உள்ள போச்சு பாய். வெளிய வரல. அதான் போச்சு வண்டி. பாராட்டாதீங்க, காது எரியுது."

அவருக்குப் புரியவில்லை. அந்தப் பெண் சிரிக்கவில்லை. பட்டையைக் கையில் எடுத்து, பித்தளையை நகத்தால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நல்லா செஞ்சிருக்கோம்னுதான நெனச்சீங்க?"

"ஆமாம்மா."

"இப்பவும் நல்லா செஞ்சிருக்கோம்னுதான நெனைக்கிறீங்க?"

என் ஷெட்டில் நின்று என்னை இப்படி ஒருவரும் கேட்டதில்லை.  முப்பது வருஷத் தொழில், ஜீப், டிராக்டர் என்று என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். ஆனால் இதே நம்பிக்கையோடுதான் அன்றைக்கு அந்தப் பெரியவர் எதிரிலும் நின்றேன்.

அவள் போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். "அத்தா, நீங்க உங்க வண்டில பின்னாடி வாங்க. அண்ணா, நீங்க இங்க ஏறுங்க. ஆலங்காயம் வரைக்கும் வந்துட்டு பஸ்ல திரும்பிடுங்க."

ஏறினேன். அவள் மெதுவாக ஓட்டவில்லை. காவலூரிலிருந்து இறங்கும் வளைவுகளில் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பள்ளத்தை ஒதுக்கவில்லை, வேண்டுமென்றே விட்டாள் என்றுதான் தோன்றியது. சீட்டுக்குக் கீழே என் வெல்டிங், அதற்குக் கீழே ரோடு, ரோட்டோரத்தில் பள்ளத்தாக்கு.

நாலாவது வளைவில் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் சொன்னாள்: "அண்ணா, அந்த ஆள இப்ப திட்டுங்க. நாப்பது நாளா திட்டினீங்களே. கேக்கறேன்."

வாயைத் திறந்தேன்.  கார் அடுத்த பள்ளத்தில் இறங்கியது. அடியில் எங்கேயாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.