கல்லைத் தொட்ட ஓரகத்தி

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டினோம். நான் பெருக்கிய இடத்தை அவள் திரும்பப் பெருக்குவாள். அவள் துவைத்த போர்வையை நான் திரும்ப அலசுவேன். ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் கடற்கரையில் மணல் குறைவு. ஆறு மூலை வைத்து வெட்டியது போன்ற கறுப்புக் கற்கள், ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, படிப்படியாகக் கடலுக்குள் இறங்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் அவற்றின் மேல் வெகுதூரம் நடக்கலாம். கடைசியில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல் தனியாக நிற்கும். அது ஒரு பெண் என்பார்கள். அவள் புருஷன் படகேறிப் போனானாம், "கரையிலேயே நில்லு" என்றானாம், அவள் கேட்காமல் பின்னால் ஓடினாளாம். கால் பட்ட இடமெல்லாம் கல்லாகி, கடைசியில் அவளும் கல்லானாளாம். புருஷன் இல்லாதவள் அந்தக் கல்லைத் தொட்டால் கடல் ஏறும் என்று ஒரு வாலும் உண்டு. புருஷனைத் தேடி ஓடினவளைக் காட்டியே ஊர்ப் பெண்களை மிரட்டிவைத்திருந்தார்கள், சுற்றுலாக் கூட்டங்களை அந்தக் கல்வரை அழைத்துப்போகும் எங்கள் கைடுகள்.

அவர்கள் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். அந்தக் கல்லில் முட்டி மாதிரி ஒரு புடைப்பு உண்டு. தண்ணீர் அதைத் தொட்டதும் விசில் ஊதித் திரும்புவார்கள். எட்ட நின்றேதான் பார்ப்பார்கள். கிட்டே போக அவர்களுக்கும் பயம்.

அவள் புருஷன், என் கொழுந்தன், கைடாக இருந்து செத்தார். முப்பதாம் நாள் ஓரகத்தி கரையிலிருந்த கைடுகள் கொட்டகைக்குப் போய் அவருடைய பேட்ஜைக் கேட்டாள். நானும் கூடப் போனேன். அங்கே தலைவன் மீசைக்காரன்.

"இது பொம்பள வேலை இல்லம்மா."

"பத்து வருஷமா அவருக்குக் கால் வலி. அவர் நின்ன இடத்துல நின்னு கதை சொன்னாரு. வழி பாத்தது, கை பிடிச்சு இறக்கினது எல்லாம் நான்தானேண்ணே? அப்ப யாரு வேலை அது?"

"அப்ப உனக்குப் புருஷன் இருந்தான்."

"இருந்தாரு. பாறையில உக்காந்துகிட்டுக் காலை அமுக்கிவிடச் சொன்னாரு."

கொட்டகையே சிரித்தது. மீசைக்கு முகம் கறுத்தது. "புயலுக்கு அப்புறம் நாளைக்குத்தான் முதல் கூட்டம். நீயும் ஒரு கூட்டம் கூட்டிட்டுப் போ. ஏதாவது ஆச்சுன்னா இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றான்.

அன்று மாலையே அவள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அக்கா, அவ முட்டி உடைஞ்சிருக்கு."

"யாரு முட்டிடி?"

"கல்லோட முட்டி. புயல்ல பேந்து போச்சு. மேல இன்னொரு மடிப்பு இருக்கு. எட்ட நின்னு பாத்தா அதுதான் முட்டி மாதிரி தெரியும். தண்ணி அதைத் தொடுற வரைக்கும் நின்னா திரும்ப முடியாது."

மீசையிடம் சொன்னாளாம். "கல்லைத் தொட்டியா?" என்று மட்டும் கேட்டானாம்.

மறுநாள், கூட்டத்தின் வால் பிடித்து வர என்னைக் கூப்பிட்டாள்.

"நானும் தாலி அறுத்தவடி."

"ரெண்டு பேரா போனா கடல் ரெண்டு மடங்கா ஏறுமா? வாக்கா."

அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக அந்தக் கற்களில் கால் வைத்தேன். வழுக்கியது. குழிகளில் நின்ற தண்ணீரில் வானம் கிடந்தது. கல்லின் கிட்டே போனேன். பெண்ணுமில்லை, பிசாசுமில்லை, சிப்பி ஒட்டிய பாறை. உடைந்த இடம் மட்டும் வெளிறிப் புதிதாக இருந்தது. இரண்டு கையாலும் தொட்டேன். சில்லென்று இருந்தது. இந்த ஊருக்கு மருமகளாக வந்த நாற்பது வருஷமும் இதற்கா பயந்தோம் என்று ஆத்திரம் வந்தது.

"நில்லுன்னாங்க, நிக்கல. அவ ஓடினதாலதான் நமக்குப் பாதை" என்று கதையை முடித்த ஓரகத்தி, உடனே எல்லோரையும் திரும்பச் சொன்னாள்.

"மத்தவங்க எல்லாம் நிக்கிறாங்களே?" என்றார் ஒரு தொப்பிக்காரர்.

"அவங்க நிக்கட்டும். நீங்க நடங்க சார். கரைக்குப் போய் என்னைத் திட்டுங்க."

"பயமா இருந்தா வீட்டுலயே கெடந்திருக்கலாமே!" என்று மீசை தன் கூட்டத்துக்கு நடுவிலிருந்து கத்தினான்.

நாங்கள் கரையேறிக் கொஞ்ச நேரத்தில் நடுவே இருந்த தாழ்ந்த கற்கள் மறைந்தன. அப்போதுதான் அங்கே விசில் கேட்டது. ஓரகத்தி கொட்டகையிலிருந்த கயிற்றைத் தூணில் கட்டி, மறுமுனையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். தொப்பிக்காரரும் நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொருவராக வந்தார்கள். செருப்புகள் போயின, ஆள் ஒன்றும் குறையவில்லை. மீசை கடைசியாக, சொட்டச் சொட்ட வந்தான்.

வந்ததும் வாய் திறந்தான். "நீங்க கல்லைத் தொட்டீங்க. அதான் கடல் ஏறுச்சு."

"நான்தான் தொட்டேன் தம்பி" என்றேன். "எங்க கூட்டத்துல ஒருத்தருக்கு முழங்கால்கூட நனையல. கடலுக்கு உன் மேல மட்டும் என்னப்பா கோபம்?"

நனைந்து நின்ற கூட்டமே சிரித்தது. ஓரகத்தி சிரிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"பேட்ஜைக் குடுங்கண்ணே."

"கமிட்டி பேசி முடிவு பண்ணும்."

"கமிட்டி இங்கதான் நனைஞ்சுகிட்டு நிக்குது. பேசுங்க. நான் நிக்கிறேன்."

மற்ற கைடுகள் மூன்று பேரும் மீசையைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவன் கொட்டகைக்குள் போய்ப் பேட்ஜை எடுத்துவந்து அவள் கையில் வைத்தான்.

கூட்டம் கலைந்தபின் மீசை குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "நாளைக்கு எந்நேரம் திரும்பணும்?"

அவள் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "என் பின்னாடி வாங்க. தெரியும்."