பளிச்சென்ற வீட்டில் ஓர் இளைப்பு

தரை துடைக்கும் லாட்ஜில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. பினாயில் அக்கா என்றால்தான் தெரியும். அவள் படியேறி வருவதற்கு முன்னாலேயே வாசனை ஏறி வந்துவிடும். "உங்க தரையைப் பாத்தே தலை சீவிக்கலாம்க்கா" என்பார் ரிசப்ஷன்காரர். கேலிதான் என்றாலும் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்.

கல்யாணம் கூடிவராமலே வயது போய்விட்டது. தங்கை வீட்டில்தான் இருந்தாள். மேல்மாடியில் இரண்டு அறை, சாலையைப் பார்த்த ஜன்னல். தங்கை புருஷன் பார்சல் வேன் ஓட்டுகிறவன். வெகுநாள் கழித்துத் தங்கைக்குப் பெண்குழந்தை பிறந்தபோது, பெற்றவளைவிடப் பெரியம்மாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை.

முதல் வேலையாக ஜன்னலை இறுக்கச் சாத்தினாள். "ரோட்டுத் தூசி ஒரு பொட்டு உள்ள வரக்கூடாது. குழந்தை இருக்கிற வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கணும்." லாட்ஜுக்கு வாங்கும் கடையிலேயே வீட்டுக்கும் பினாயிலைக் கேன் கேனாக வாங்கினாள். தரை, கதவு, தொட்டில் கம்பி, கிலுகிலுப்பை எல்லாம் துடைத்தாள். அதற்கு மேல் பூ வாசனை ஸ்ப்ரே வேறு.

குழந்தைக்குக் கழுத்து நிற்க ஆரம்பித்த சமயம், முழங்கை மடிப்பில் செதில் செதிலாகச் சிவந்தது. பிறகு இருமல். பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு சத்தம்.

"பாட்டுக்காரி பிறந்திருக்கா பாரு, தூங்கும்போதும் விசில் அடிக்கிறா" என்று அப்பன்காரன் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

தங்கை கைவைத்தியம் பார்த்தாள். அக்கா துடைத்தாள். எங்கேயோ அழுக்கு ஒளிந்திருக்கிறது, தன் கண்ணுக்குத் தப்புகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. மெத்தையைத் தூக்கிப் போட்டாள். திரைச்சீலையைக் கொதிக்க வைத்தாள். இருமல் குறையாத ஒவ்வொரு நாளும் வாளியில் இன்னொரு மூடி அதிகமாக ஊற்றினாள். வீடு மின்னியது. சத்தம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

ஒரு மத்தியானம். தங்கை துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்கா குளியலறையைப் பிடித்துக்கொண்டாள். பிளீச்சிங் தூவிய தரையில் கறை போகவில்லையென்று அதன் மேலேயே டைல்ஸ் ஆசிடையும் ஊற்றினாள். குப்பென்று நெடி ஏறியது. கண் எரிந்து, தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இருந்தது. இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தவள் பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள்.

குழந்தை அழவில்லை. அழ மூச்சு இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு கறுத்திருந்தது.

"தம்பி! வண்டியை எடு!"

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். விலா அடங்க வெகுநேரம் ஆனது. டாக்டரம்மா அக்காவின் பக்கம் திரும்பி, "உங்க துணியில என்ன நெடி இது?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. சில குழந்தைங்களுக்குப் பிறவியிலயே நெஞ்சு அப்படி. ஆனா மூச்சுக்குழாய் எவ்வளவு சின்னது! இந்த நெடி, சிகரெட் புகை, சுவத்துப் பூஞ்சை, எது பட்டாலும் வீங்கிக்கும். ஜன்னலைத் திறந்து வைங்க. இனிமே தண்ணி போட்டுத் துடைச்சாப் போதும்."

வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை ஜன்னலை அடித்துத் திறந்தாள். முதுகைத் திருப்பாமலே சொன்னாள்: "அக்கா, கொஞ்ச நாளைக்குக் குழந்தையைத் தூக்காதே."

"குளிச்சிட்டுத் தூக்கினா?"

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள் அறைக்குப் போனாள்.

அன்றிலிருந்து லாட்ஜிலேயே குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் வருகிறாள். ஆனாலும் வாசலில் நின்று தங்கை புருஷனிடம் கேட்பாள்: "தம்பி, என் மேல வாசனை அடிக்குதா?" அவளுக்கே தெரிவதில்லை. அவள் மூக்கு எப்போது செத்தது என்பதும் தெரியாது. காலையில் எழுந்ததும் இருமுகிறாளே, அது எத்தனை வருஷமாக என்றும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறாள்.

குழந்தைக்குப் பரவாயில்லை. தோல் ஆறிவிட்டது. ஆனால் காற்று குளிர்ந்தால் நெஞ்சில் அந்தச் சத்தம் திரும்ப வருகிறது. மருந்துக் குழல் தலைமாட்டிலேயே இருக்கிறது. வளர வளரப் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா.

தவழத் தொடங்கிவிட்ட குழந்தை, அவளைக் கண்டால் கையை நீட்டிக்கொண்டு வருகிறது. "தூக்குக்கா, நானே சொல்றேன்" என்று தங்கைகூட இப்போது சொல்லிவிட்டாள். அக்கா குனிகிறாள். அவள் கை நீள்கிறது. குழந்தையின் நெஞ்சில் லேசாக அந்த விசில் கேட்டது போலிருக்க, கையை இழுத்துக்கொண்டு வாசல்வரை பின்னால் நகர்ந்துவிடுகிறாள்.