கச்சான் காற்றில் எடுத்த அளவு

என் வாய் கொஞ்சம் நீளம். வளாகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சிக்கு மட்டும் அது குறையாகப் பட்டதில்லை. "மேடம் திட்டுனாத்தான் வேலை நடக்கும்லா" என்று சிரிப்பார். ஆலந்தலைக்காரர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் கரண்டு வேலைக்கு வந்த ஒரே ஆள்.

எங்கள் பல்கலைக்கழகம் கடலை ஒட்டியது. உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. பழைய கேபிள், பேனல் எல்லாவற்றையும் மாற்றத் திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முடியாது; மூன்று ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். எது முதலில், எது பிறகு என்று நான்தான் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்த வேண்டும். ஆடி மாதம் நானும் அண்ணாச்சியும் மெக்கரைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாக அலைந்தோம். கரண்டு எங்காவது கசியுமா என்று காட்டும் கருவி அது.

பம்ப் ஹவுஸ் பேனலில் அளவு நன்றாகவே வந்தது. அண்ணாச்சிக்குத் திருப்தி இல்லை.

"இப்ப அடிக்கது கச்சான், மேடம். காஞ்ச காத்து. உப்பு பொடியா உக்காந்திருக்கும், ஒண்ணும் செய்யாது. ஐப்பசியில கொண்டல் அடிக்கும்போது கடல் ஈரம் பூரா உள்ள வரும். அப்ப விடியக்காலம் வந்து அளந்து பாருங்க."

"வலை போடத்தான் காத்து பாக்கணும் அண்ணாச்சி, மீட்டருக்கு எதுக்கு?" என்றேன்.

அவரும் சிரித்தார். ஆவணிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும், ஐப்பசி வரை யார் காத்திருப்பது? 'பயன்படுத்துவோர்' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். விடியுமுன் மோட்டார் போடப் போகிறவர் அவர் ஒருவர்தானே. மதிப்பெண் குறைந்து, பம்ப் ஹவுஸ் மூன்றாம் ஆண்டுக்குப் போனது. அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. பேசியிருந்தாலும் திட்டித்தான் அனுப்பியிருப்பேன்.

ஐப்பசிக் கடைசியில் கொண்டல் இரண்டு நாள் ஓயாமல் அடித்தது. மூன்றாம் நாள் விடியற்காலை, பம்ப் ஹவுஸ் பேனல் கதவில் கை வைத்த அண்ணாச்சியைக் கரண்டு பிடித்துக்கொண்டது. தோட்டக்காரர் பார்த்து மெயினை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் அதே நேரத்துக்குப் போய் அளந்தேன். உள்ளே உப்பு நனைந்து ஊறிக் கிடந்தது. எர்த் கம்பி மண்ணுக்குள் அரித்துப் போயிருந்தது. மெக்கர் பூஜ்யம் காட்டியது; கரண்டு தடையே இல்லாமல் கசிகிறது என்று அர்த்தம். பாவி நான், ஒரே ஒரு காலை வந்து அளந்திருந்தால் போதும். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணாச்சியின் முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்கு ஆலந்தலை சர்ச்சுக்குப் போனேன். கோயில் வாசலில் அண்ணாச்சியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

"அந்தப் பெட்டிய மாத்தியாச்சாம்மா? இனிமே அங்கன போறவங்களுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுல்லா."

"மாத்தியாச்சுக்கா."

"ரொம்ப நாள் பிடிச்சுதோ?"

அவரிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"ஒரு நாள்" என்றேன்.

"ஒரே நாளா?" என்று கேட்டுவிட்டு, என் கையை விடாமல் அப்படியே நின்றார்.