அவரைப் பந்தலுக்கு மருந்தடித்தது யார்

ரோஸ்லின் டீச்சர் இறந்துபோன செய்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், யாருக்கோ சொன்ன பிறந்தநாள் வாழ்த்துக்கு அடியில் வந்தது. வாழ்த்துச் சொன்ன கையோடு பலரும் கைகூப்பும் படத்தைப் போட்டிருந்தார்கள். மாதத்துக்கு ஒரு சாவுச் செய்தி வருகிற வயது எனக்கு. அலுப்போடு போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்து மறுபடியும் படித்தேன்.

அன்னூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அப்போது நான் தலைமையாசிரியர். அவர் அறிவியல் ஆசிரியை. இந்தப் பழைய மாணவர் குழுவில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். பூச்சி டீச்சர் என்றால்தான் சிலருக்கு முகமே நினைவுக்கு வரும். பட்டாம்பூச்சியை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்வார்கள் என்பார். அவருக்கு வேண்டியவை நாவாய்ப்பூச்சிகள்: கடித்து மெல்லத் தெரியாமல், ஊசி போன்ற வாயால் குத்தி உறிஞ்சிக் குடிக்கிற இனம்.

பாடத்தை இளநீரில் தொடங்கினார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஸ்ட்ரா கொடுத்து உறிஞ்சவிட்டு, "இப்ப நீங்கெல்லாம் அசுவினிப் பூச்சி, கண்ணுகளா" என்றார். இலையைக் கடிப்பது புழு, சாறு குடிப்பது இது என்று எல்லோருக்கும் அன்றே விளங்கிவிட்டது. குளத்துத் தண்ணீர்மேல் நடப்பதும், மரத்தில் காது கிழியக் கத்தும் சிள்வண்டும் இதே இனம்தான் என்றார். அதோடு விட்டாரா? மறுநாள் பாட்டிலில் மூட்டைப்பூச்சியோடு வந்தார். ஒரு தாய் என் அறைக்கே வந்து, வீட்டில் இருப்பது போதாதென்று பள்ளிக்கூடத்திலுமா என்று கேட்டார். பதில் சொல்லி மாளவில்லை.

அந்த ஆண்டு பள்ளித் தோட்டத்து அவரைப் பந்தலில், இலைக்கு அடியில் ஒரு முட்டைக் கொத்தை ஏழாம் வகுப்புக் கவிதா கண்டுபிடித்தாள். புழுவைப் பிடித்துச் சாறு குடிக்கிற வேட்டை நாவாய்ப்பூச்சியின் முட்டை. அது செடிக்குக் காவல் என்று டீச்சர் சொன்னார். சிவப்பாக, இறக்கையில்லாமல் குஞ்சுகள் வந்தன. கூட்டுப்புழு ஆகாமல் தோலை உரித்து உரித்தே அவை பெரிதாகும் என்பதால், ஒவ்வொரு உரிப்பையும் கவிதா நோட்டில் எழுதினாள். மதியச் சோற்றைப் பந்தலடியில்தான் தின்றாள். டீச்சர் இதையெல்லாம் என்னிடம் சொன்னார். தலையாட்டினேனே தவிர, காதில் வாங்கவில்லை.

கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பந்தலில் சிவப்பாக ஏதோ ஊர்வதைப் பார்த்தேன். நான் காட்டுவேலை, அதாவது விவசாயம், செய்து வளர்ந்தவன். செடியில் சிவப்பாக ஒன்று அசைந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை, மருந்துதான். சனிக்கிழமை ஆள்விட்டு அடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் பந்தலடியில் செத்துக் கிடந்த பூச்சிகளைச் சுற்றி நின்றார்கள். யார் அடித்தது என்று கவிதா கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

"நாந்தான் அம்மணி அடிக்கச் சொன்னேன். தெரியாமச் செஞ்சுபோட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு அறையில் கேட்டேன். "அந்தப் புள்ள எம்மேல கோவிச்சா நாலு நாள்ல பேச வந்துருமுங்க சார். உங்க மேல கோவிச்சா பள்ளிக்கூடத்துக்கே வராதுங்க" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். தேவாலய வாசலில் இடுப்பில் குழந்தையோடு கவிதா நின்றாள். நலம் விசாரித்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தப் பந்தலுக்கு அப்புறம் நான் டீச்சர்கிட்டப் பேசவே இல்லீங்க சார். ரோட்டுல பார்த்தாக்கூடத் திரும்பிக்குவேன். பூச்சி செடிக்குக் காவல்னு சொல்லிக் குடுத்தவங்களே கொன்னு போட்டாங்களேன்னு."

நான் தலையாட்டினேன். அதுதான் எனக்கு நன்றாக வருகிறது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

டீச்சரைப் புகழ்ந்து எழுத உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்குத் தெம்பில்லை. எழுத வேண்டியது ஒன்றுதான். கவிதா, மருந்தடிக்கச் சொன்னவன் நான். நாலு நாளில் தீரும் என்று நினைத்து ஏற்றுக்கொண்ட உன் கோபத்தை, சாகும்வரை அவர் வைத்திருந்தார். ஒருமுறைகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். அது எனக்கு வரவேண்டியது; இனி நான் வைத்துக்கொள்கிறேன்.