மூக்கண்ணன் பார்த்த வண்டி

முதலில் மூக்குதான் உள்ளே போகும். விற்பனைக்கு நிற்கும் காரின் பின்கதவைத் திறந்து, தரையில் கிடக்கும் மிதியடியை விலக்கி, குனிந்து ஒரே இழுப்பு. "தம்பி, இது தண்ணியில நின்ன வண்டி. சென்ட் அடிச்சு மறைச்சிருக்கான். வா, போயிரலாம்" என்று அங்கேயே தமிழில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அடுத்த நொடி விற்கிறவர் பக்கம் திரும்பி, அந்த ஊர்ப் பாஷையில், "அருமையான வண்டி, யோசித்துச் சொல்கிறோம்" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கைகுலுக்குவார்.

அந்த ஊருக்குப் பிழைக்கப் போன நம் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் மூக்கண்ணன். வாரநாட்களில் பஸ் பணிமனையில் பிரேக் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய கார் வாங்குகிறவர்களோடு கூலிக்குத் துணை போவார். பாஷையும் தெரியாமல் வண்டியும் தெரியாமல் வந்து இறங்கியவர்களுக்கு அவரை விட்டால் கதியில்லை. கூலியை மட்டும் முன்னாலேயே வாங்கிவிடுவார். "பின்னால வாங்கினா, எப்படியாவது ஒண்ணைத் தலையில கட்டிரணும்னு எனக்கே ஆசை வந்துரும்யா" என்பார்.

மூக்குக்கு அடுத்தது கை. புறங்கையை எஞ்சின் மூடியின் மேல் வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் போச்சு. "நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி, எழுப்பி உக்கார வச்சிருக்கான் பாரு. தூங்குறவனை எழுப்பினாத்தானே எவன் சோம்பேறின்னு தெரியும்?" மூக்கு ஏமாந்ததும் உண்டு. ஒருமுறை வயர் கருகுகிற வாடை என்று நல்ல வண்டி ஒன்றைக் கழித்துக்கட்டினார். கருகியது விற்கிறவர் வீட்டு அடுப்பில் இருந்த பால். இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார் மனிதர்.

ஊருக்கெல்லாம் கார் பார்த்துக் கொடுப்பவர் வருவதும் போவதும் பஸ்ஸில்தான். கேட்டால், "டிப்போக்காரனுக்கு எதுக்குய்யா காரு? எனக்கு பஸ்ஸே ஓசி" என்று சிரிப்பார். விஷயம் அதுவல்ல. மனைவியை அழைத்துக்கொள்ள முதல்முறை விசாவுக்கு மனு போட்ட கையோடு, ஆசை ஆசையாக ஒரு காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். மனு தள்ளுபடியாகிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் கார் நின்றது. வேலை முடிந்து வந்தாலும் நின்றது. பார்க்கப் பொறுக்காமல், வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். இரண்டாவது மனுவும் திரும்பி வந்தது. இப்போது மூன்றாவது போட்டிருக்கிறார், பதில் இல்லை.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. துணி அலமாரியில் பாதிதான் அவருடையது. மறுபாதியை வாரம் ஒருமுறை துடைத்துக் காலியாகவே வைத்திருக்கிறார். ஏங்கிப் போயிருக்கிறார் மனிதர். வாய் ஓயாத பேச்சில் அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தினமும் போனில் மனைவியோடு இதே வழக்குதான்.

"முதல்ல காரை வாங்குங்க, நான் தானா வந்து சேருவேன்."

"நீ முதல்ல வந்து சேரு, நான் வாங்குறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிப்போனவன் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் இளைஞன். அடுத்த வாரம் மனைவியும் கைக்குழந்தையும் வருகிறார்கள். விற்கிறவர் ஒரு பள்ளி ஆசிரியை. வண்டி சின்னது, வெள்ளை. மூக்கண்ணன் குனிந்து இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "பிள்ளைங்க சிந்தின பிஸ்கட் வாடை. குடும்பம் நடத்தின வண்டி தம்பி!" எஞ்சின் மூடி சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பிய உடனே முனகல் இல்லாமல் எழுந்தது. தெருவைச் சுற்றி வந்தார்கள். சமீபத்தில் இப்படி ஒரு வண்டியை அவர் பார்த்ததில்லை.

லேப் தம்பி வீடியோ அழைப்பில் மனைவிக்குக் காட்டினான்.

"வெள்ளையா? ஐயய்யோ, ஆம்புலன்ஸ் மாதிரி இருக்குங்க! வேற பாருங்க."

மூக்கண்ணன் போனுக்குள் தலையை நீட்டினார். "ஏம்மா தங்கச்சி, பெயிண்ட்டையா ஓட்டப் போறீங்க?"

தங்கச்சி மசியவில்லை. தம்பி நெளிந்தான். "மன்னிச்சிருங்கண்ணே. ஒரு வருஷம் கழிச்சு வர்றா. வந்து இறங்கின அன்னைக்கே அவ மூஞ்சி சுருங்கக் கூடாதுண்ணே."

வேறு நாளாக இருந்தால் அவனை நாலு வாங்கு வாங்கியிருப்பார். அன்றைக்கு அவன் தோளைத் தட்டிக்கொடுத்ததோடு சரி. இறங்குகிற அன்றைக்கு என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு கிழமை இருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது.

தம்பி போய்விட்டான். கையில் சாவியோடு நின்ற ஆசிரியை, "உங்களுக்கு வேண்டுமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு, மூக்கண்ணன் தெருவோரம் ஒதுங்கி மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னங்க இந்நேரத்துல? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு வண்டி பாத்தேன். வெள்ளை."

"யாருக்கு?"

"ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கும்னு சொல்றாங்க."

யாருக்கு என்று அவள் மறுபடி கேட்கவில்லை. வாங்குங்க வாங்குங்க என்று இத்தனை வருஷம் படுத்தியவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "எனக்குக் கலர் என்னங்க கலரு... இந்தத் தடவையும் இல்லைன்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

"நிக்கட்டும்" என்றார் மூக்கண்ணன். "பாத்துக்கிட்டே இருக்கேன்."

பேசி முடித்து, முன்பணம் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் ஓட்டுகிற பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து கதவைத் திறந்தார். அவர் மனைவி நல்ல குள்ளம். சீட் பெல்ட் இருந்த உயரத்துக்கு, அவள் போட்டால் கழுத்தை அறுக்கும். கதவுத் தூணில் பெல்ட் தொங்கும் பிடியை அழுத்தி, அடிமட்டம் வரை இறக்கினார். பிறகு பெல்ட்டை இழுத்து, அந்தக் காலி இருக்கையின் மேல், அவள் தோள் வரும் இடத்தில் பிடித்துப் பார்த்தார்.