பெட்டியில் வைக்காத கேசட்

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேசட் அது. நடுவில் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். சாத்தூரில் நான் கல்யாண வீடியோ மிக்ஸிங் வேலை பார்த்த ஸ்டுடியோவுக்கு, அச்சங்குளத்திலிருந்து ஓர் அக்கா அதை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடவே பத்தாவது படிக்கிற மகள். அக்காவின் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறையில் இருந்தவர். ஒருநாள் விடியக்காலையில் வேலைக்குப் போனார். சாயங்காலம் ஆணியடித்த பெட்டியில் வந்தார். முகத்தைக்கூடத் திறந்து காட்டவில்லையாம். அப்போது இந்த மகள் வயிற்றில்.

கேசட்டில் இருந்தது அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த அந்த வீட்டுக்காரருடைய தங்கை கல்யாணம். எச்.டி. கேமரா நம் ஊர்ப் பக்கம் வந்த புதிது. பின்னால் பெரிய டிவி வாங்கினால் பளிச்சென்று பார்க்கலாம் என்று வீடியோ எடுத்தவரிடம் கேசட்டையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். அப்போதே கொடுத்த டிஸ்க் ஒன்றும் வீட்டில் இருந்தது. ஆனால் பந்திக் காட்சி என்றால் பேச்சை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போடுவதுதானே எங்கள் தொழிலில் வழக்கம்! அந்த டிஸ்கில் அவர் வாயசைப்பார், பாட்டுத்தான் கேட்கும். அவர் பேசியது இந்தக் கேசட்டில் மட்டுமே இருந்தது.

"மொகம் போட்டோவுல இருக்கு யக்கா. கொரலுதான் மறந்துபோச்சு. எம்புட்டு யோசிச்சாலும் வர மாட்டேங்குது. இவளாச்சும் அவுக அப்பா கொரல ஒருக்காக் கேக்கட்டும், டிஸ்குல ஏத்திக் குடுங்க" என்றார் அந்த அக்கா என்னிடம்.

எங்கள் முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அந்த வகைக் கேசட்டை ஓட்டக்கூடிய கேமரா அவரிடம் மட்டும்தான் மிச்சமிருந்தது. அவர் கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே நாடாவின் சுற்றெல்லாம் சிவப்புப் பொடி. "ஏம்மா, எந்தக் கூறுகெட்ட ஆளு இதுல குங்குமத்தத் தடவச் சொன்னது? இதுக்குன்னு ஒரு டப்பா குடுத்திருப்பாகளே, அது எங்கன?" என்று சத்தம் போட்டார். எனக்குப் பாய் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. தெரிந்தா செய்திருப்பார் அந்த மனுஷி?

"டப்பா இருக்கு பாய். வெள்ளி செவ்வா அவுக போட்டோவுக்குப் பொட்டு வைக்கைல இதுக்கும் வைப்பேன், சாம்பிராணி காட்டுவேன். டப்பாவுக்குள்ள போட்டு மூட மனசு வரல. அவுகளயும் அப்படி அடைச்சுத்தான கொண்டாந்தாக."

பாய் கேசட்டைக் கையில் எடுத்தார். மெல்லிய பிரஷ்ஷால் தட்டித் தட்டி, துணியால் ஒற்றி ஒற்றி, மதியம்வரை அதோடேயே உட்கார்ந்திருந்தார்.

பழைய கேசட்டில் தூசி இருந்தால் படத்தில் புள்ளி விழும், அவ்வளவுதான். எச்.டி. அப்படியில்லை. கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் படம் அப்படியே நின்றுவிடும், சத்தமும் போய்விடும். ஓடவிட்டோம். மாப்பிள்ளை அழைப்பு நின்று நின்று ஓடியது. தாலி கட்டு பாதி. பிறகு பந்தி வந்தது. சாம்பார் வாளியோடு, மடித்துக் கட்டிய வேட்டியில் அவர் வந்தார். "அந்தா, அப்பா!" என்று மகள் திரைக்கு அருகில் போய்விட்டாள். அவர் கேமராவைப் பார்த்துக் குனிந்தார், சிரித்தார், வாயைத் திறந்தார். படம் நின்றது. மறுபடி ஓடியபோது அவர் அடுத்த இலைக்குப் போயிருந்தார்.

பாய் துடைத்தார், ஓட்டினார், மறுபடி துடைத்தார். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போனது. "இனியும் ஓட்டுனா அந்தச் சிரிப்பும் போயிரும் தாயி. கெடைச்சதப் போட்டுத் தாரேன்" என்றார். அக்கா தலையாட்டினார்.

இன்று ஆளுக்கொரு போன் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை, இடம் போதவில்லை என்று அழித்துக்கொண்டே இருந்தவள் நான். அந்த நாளுக்குப் பிறகு ஒன்றைக்கூட அழிக்க மனம் வந்ததில்லை. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் பயமாகவே இருக்கிறது.

அன்று டிஸ்க் ஏறிக்கொண்டிருந்தபோது, நின்றுபோன அந்த முகத்தைப் பார்த்தபடி மகள் கேட்டாள்: "அப்பா என்னம்மா சொல்றாக?"

"'இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா'ன்னு கேக்காகடி."

"அப்பா மாதிரி சொல்லிக் காட்டும்மா."

அக்கா தொண்டையைச் செருமினார். குரலைத் தடிமனாக்கிக்கொண்டு சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா?" உடனே தலையை ஆட்டினார். "இல்ல, இப்படி இல்ல." மறுபடியும் சொல்லிப் பார்த்தார். "இதுவும் இல்லடி" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பரவால்லம்மா, சொல்லு" என்றாள்.